மும்பையில் குடித்தனம்: முதலில் ரயில் பாதை, அப்புறம்தான் வீடு

தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு மாற்றலாகி வருபவர்களில் பலர் வாடகையைப் பார்த்து வீடு பிடிக்கிறார்கள். ஆபீசுக்கு எப்படிப் போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தத் தவறின் விலை தெரியும். இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது. எந்த ரயில் பாதை, எத்தனை இடத்தில் மாற வேண்டும், இந்த இரண்டையும் வைத்துத்தான் கணக்கு.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். அந்த வாக்கில் பயணம் சுலபம். கிழக்கு மேற்காகக் கடப்பதுதான் பெரும்பாடு. முலுண்டும் கோரேகாவும் வரைபடத்தில் கூப்பிடு தூரம் போலத் தெரியும். நடுவில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலையும் காடும் கிடக்கின்றன. ரயிலில் போவதானால் காட்கோபர் வரை தெற்கே இறங்கி, மெட்ரோவில் அந்தேரிக்குக் கடந்து, அங்கிருந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும். தினமும் அதைச் செய்து பாருங்கள், ஒரு மாதத்தில் உடம்பு சொல்லிவிடும்.

மேற்குப் பாதை சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விராருக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. மத்தியப் பாதை சிஎஸ்எம்டி என்கிற சத்ரபதி சிவாஜி மஹாராஜ் டெர்மினஸிலிருந்து தாதர், குர்லா, காட்கோபர், முலுண்ட், தாணே, டோம்பிவிலி, கல்யாண் என்று ஏறுகிறது. ஹார்பர் பாதை வடாலாவில் இரண்டாகப் பிரியும்: ஒரு கிளை குர்லா, செம்பூர், வாஷி வழியாகப் பன்வேலுக்கு, இன்னொரு கிளை கிங்ஸ் சர்க்கிள், மாஹிம், பாந்த்ரா வழியாகக் கோரேகாவுக்கு. மேற்கையும் மத்தியையும் சேர்ப்பது தாதர். மத்தியையும் ஹார்பரையும் சேர்ப்பது குர்லா. 2014 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோ காட்கோபரையும் அந்தேரியையும் சேர்க்கிறது. ஆரேயிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகம் வழியாகக் கஃப் பரேடு வரை நிலத்தடியில் ஓடும் மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்தது. அந்த வளாகத்தில் வேலை கிடைத்து வருபவர்களுக்கு இது பெரிய வசதி.

எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு முறைக்கு மேல் பாதை மாறக் கூடாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களானால், அதிக நேரம் கழித்து வீடு திரும்புகிறவரின் பாதையில் வீடு பாருங்கள்.

தமிழர்கள் அடர்ந்து வாழும் இடங்களையும் இந்தப் பாதைகளில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். மாட்டுங்கா, சயான், தாராவி, முலுண்ட், டோம்பிவிலி மத்தியப் பாதையில் அல்லது அதை ஒட்டி. ஆன்டாப் ஹில், செம்பூர், செடா நகர், டிராம்பே சீத்தா கேம்ப், வாஷி, நெருல் ஹார்பர் பக்கம். தாராவிக்கு மேற்குப் பக்கத்திலிருந்து மாஹிமும் கிட்டம்தான். மாட்டுங்காவுக்கு மூன்று நிலையங்கள் உண்டு, புதிதாக வருபவர்கள் இதில் தவறாமல் குழம்புவார்கள். வெறும் ‘மாட்டுங்கா’ மத்தியப் பாதை. ‘மாட்டுங்கா ரோடு’ மேற்குப் பாதை. ‘கிங்ஸ் சர்க்கிள்’ ஹார்பரின் கோரேகாவ் கிளை. தமிழ்க் கடைகளும் கோயில்களும் இருப்பது கிழக்கு மாட்டுங்காவில். மாட்டுங்கா ரோட்டில் இறங்கினால் தண்டவாளத்தின் மறுபக்கத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

ஆனால் தமிழர் இருக்கும் பேட்டையிலேயே வீடு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கோயிலுக்கும் கறிவேப்பிலைக்கும் ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். தினமும் போக வேண்டியது வேலைக்கு.

வண்டி ஏறப் பழகுவது

முதல் இரண்டு வாரம் ஒரு விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, குறித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து ஆபீஸ் வரை காலை 8.30 மணி வண்டியில் இரண்டு மூன்று நாள் போய்ப் பாருங்கள். மதியம் போய்ப் பார்ப்பது வீண்.

நடைமேடைப் பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எஸ் இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி, எஃப் இருந்தால் விரைவு வண்டி. மாட்டுங்கா, சயானுக்கெல்லாம் எஸ் வண்டிதான். விரைவு வண்டியில் தெரியாமல் ஏறிவிட்டால் பதறாதீர்கள். அடுத்து நிற்கும் இடத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் ஏறலாம். ஓடும் வண்டியிலிருந்து குதிக்கும் நினைப்பே வேண்டாம். தாதரில் 2023 டிசம்பர் முதல் நடைமேடை எண்கள் தொடர்ச்சியாக வைக்கப்பட்டிருக்கின்றன: 1 முதல் 7 வரை மேற்கு, 8 முதல் 14 வரை மத்தியம். பழைய ஆட்கள் இன்னும் பழைய எண்ணைச் சொல்லி வழிகாட்டுவார்கள். பலகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூட்ட நேரத்தில் பையை முதுகிலிருந்து கழற்றி மார்போடு மாட்டிக்கொள்ள வேண்டும், அல்லது மேல்தட்டில் வைக்கக் கொடுக்க வேண்டும். நீட்டினால் யாரோ ஒருவர் வாங்கி வைப்பார். இறங்க வேண்டிய நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பே வாசல் பக்கம் நகரத் தொடங்குங்கள். முன்னால் நிற்பவரைத் தொட்டு ‘உதர்னா ஹை?’ என்று கேட்டால் அவர் ஆம் அல்லது இல்லை சொல்வார்; இல்லை என்றால் இடம் மாற்றிக்கொள்வார். இது இங்கே எழுதப்படாத ஒழுங்கு. எந்தப் பக்க வாசல் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விரார் விரைவு வண்டியில் ஏறி போரிவலியிலோ அதற்கு முன்போ இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். தொலைவுக்குப் போகிறவர்கள் வாசலை அடைத்து நிற்பார்கள். உங்களால் இறங்க முடியாமலே போகலாம். போரிவலிக்காரர் போரிவலி வண்டியில் ஏறுவதுதான் இங்கே நியாயம்.

வேலை நிலையானதும் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிடைக்கும். இரண்டாம் வகுப்பு சீசனை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் போலத்தான் கணக்கு. கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பாதையை மூடும் ‘மெகா பிளாக்’ உண்டு. எந்தப் பாதை, எத்தனை மணி என்று சனிக்கிழமையே அறிவித்துவிடுவார்கள். கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது.

ஆட்டோ புறநகரில் மட்டும்தான். மேற்குப் பாதையில் பாந்த்ராவுக்கும் மத்தியப் பாதையில் சயானுக்கும் தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான் கிடைக்கும். இரண்டிலும் மீட்டர் போட்டே ஓட்டுவார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆட்டோ 26 ரூபாய், டாக்ஸி 31 ரூபாய். சென்னையில் போல ஏறுவதற்கு முன் பேரம் பேச வேண்டியதில்லை. நகரப் பேருந்துக்கு இங்கே பெஸ்ட் என்று பெயர். பெஸ்ட் பேருந்தின் முகப்பில் தடம் எண் மராத்தி எழுத்தில் இருக்கும். பக்கவாட்டில்தான் நமக்குத் தெரிந்த எண். பேருந்து நகரும்போது பக்கவாட்டைப் படிக்க நேரம் இருக்காது. சுழியம் முதல் ஒன்பது வரை தேவநாகரி எண்களை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே பலன் தரும் படிப்பு இது.

வீடு

இங்கே பெரும்பாலும் தரகர் மூலம்தான் வீடு. பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை தரகு என்பது வழக்கம். வீட்டைக் காட்டுவதற்கே தனியாகப் பணம் கேட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். வீட்டுக்காரரையும் வீட்டையும் நேரில் பார்க்காமல் டோக்கன் தொகை அனுப்பாதீர்கள். படங்களை மட்டும் காட்டிப் பணம் பறிக்கும் மோசடி இங்கே நிறைய.

மூன்று வகை வீடுகளில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒன்று, ‘பக்டி’ வீடு. மாட்டுங்கா, தாதர், கிர்காவ் பக்கத்துப் பழைய கட்டடங்களில் குடியிருப்பவரே தலைமுறையாக வாடகைதாரர், சொந்தக்காரர் வேறொருவர். அந்த வாடகைதாரர் உங்களுக்கு உள்வாடகைக்கு விட்டால், கட்டடச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாதவரை உங்களுக்குப் பிடிமானம் இல்லை. இரண்டு, குடிசை மாற்றுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட வீடு. ஒதுக்கீடு பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை அதை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வாடகை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான். மூன்று, ‘ஹெவி டெபாசிட்’: சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை அல்லது மிகக் குறைவு என்பார்கள். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால், காலி செய்யும்போது அடுத்த ஆள் கிடைக்கும்வரை உங்கள் பணம் வராது. கையில் பணம் இருந்தாலும் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

வீட்டைப் பார்க்கக் காலை நேரத்தில் போங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வேகம் பாருங்கள். மாநகராட்சித் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம்தான் வரும். கட்டடத்தின் தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதைக் காவலாளியிடம் கேளுங்கள், தரகரிடம் வேண்டாம். பிறகு கூரையின் மூலைகளையும் மேற்குப் பக்கச் சுவரையும் பாருங்கள். அங்கே மட்டும் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அதற்குக் கீழே போன மழைக்காலத்து ஈரக்கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஜூலையில் அந்தச் சுவரை ஒட்டி வைத்த அலமாரியில் துணிகள் பூசணம் பிடிக்கும். தரைத்தளம் என்றால், மழையில் தண்ணீர் எந்தப் படிவரை வரும் என்று எதிர்க் கடைக்காரரைக் கேளுங்கள். செம்பூர் மாதிரி இடங்களில் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் வேலை மும்முரமாக நடக்கிறது. கட்டடத்து வீட்டுக்காரர்களின் சங்கத்துக்கு இங்கே சொசைட்டி என்று பெயர். ‘சொசைட்டி மறுகட்டுமானத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்றா?’ என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். போட்டிருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி மூட்டை கட்ட நேரலாம்.

சாப்பாட்டு விஷயத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு தராத சொசைட்டிகள் மாட்டுங்கா, காட்கோபர், முலுண்ட் பக்கம் இருக்கின்றன. தனியாக இருப்பவர்களுக்குத் தயங்குவார்கள். மதம் பார்த்து மறுப்பதும் நடக்கிறது, அது வேதனையான உண்மை. மறைத்துக் குடிபோய்ப் பின்னால் சண்டை வருவதைவிட, கேட்டுத் தெரிந்துகொண்டு வேறு கட்டடம் பார்ப்பது மனதுக்கு நிம்மதி.

ஒப்பந்தத்துக்கு இங்கே ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று பெயர். நமக்குப் பழக்கமான வாடகை ஒப்பந்தத்திலிருந்து இது வேறு. வீட்டில் இருக்க அனுமதிதான் உங்களுக்கு. வாடகைதாரர் உரிமை இல்லை. காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் இரட்டிப்புத் தொகை கட்ட வேண்டியிருக்கும் என்று மஹாராஷ்டிரா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 சொல்கிறது. அதே சட்டத்தின் 55ஆவது பிரிவு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு என்கிறது. பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் அந்த வழக்கம் இருக்கலாம். இங்கே பதினோரு மாதத்துக்கும் பதிவு கட்டாயம். பதிவான பிரதிதான் வங்கி, ஆதார், காஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் உங்கள் முகவரிச் சான்று.

செலவு எவ்வளவு என்று ஒரு கணக்கு. மாத வாடகை 30,000, டெபாசிட் 1,00,000, காலம் 11 மாதம் என்று வையுங்கள். மொத்த வாடகை 3,30,000. டெபாசிட்டுக்கு வருடத்துக்கு 10 சதவீத வட்டியைச் சேர்ப்பார்கள். 11 மாதத்துக்குச் சுமார் 9,170. கூட்டினால் 3,39,170. இதில் 0.25 சதவீதம், அதாவது சுமார் 850 ரூபாய் முத்திரைத் தீர்வை. மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். அதற்கு மேல் போவது கருவியோடு வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்து இணையத்தில் பதிவு செய்யும் முகவரின் கூலி. ‘அரசாங்கக் கட்டணமே ஆறாயிரம்’ என்று தரகர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இருவரின் ஆதார், பான் அட்டையும் இரண்டு சாட்சிகளும் தயாராக இருந்தால் அரை மணி நேர வேலை.

கையெழுத்துக்கு முன் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மாதத்துக்கு வெளியேற முடியாது என்ற பூட்டுக்காலம், நோட்டீஸ் எத்தனை நாள், டெபாசிட் எப்போது திரும்பும். ‘சாவி ஒப்படைக்கும் நாளிலேயே’ என்று எழுதச் சொல்லுங்கள். வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும், டெபாசிட்டில் கை வைக்க அதிகம் சொல்லப்படும் சாக்கு அதுதான். குடிபோகும் அன்றே சுவர், கதவு, மின்விசிறி, கீசர், சமையலறை மேடை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். வாடகைக்கு விட்டதைப் போலீசுக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. மும்பை போலீசின் இணையதளத்திலேயே செய்யலாம். அந்த ஒப்புகையின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாணேயும் நவி மும்பையும் வேறு போலீஸ் ஆணையரகங்கள். வாடகைக்கு விட்டதற்காகச் சொசைட்டி வசூலிக்கும் கூடுதல் தொகை சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதைக் கட்ட வேண்டியதும் வீட்டுக்காரர்தான்.

கரண்ட், காஸ்

கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை, பேருந்து ஓட்டும் அதே பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரம். அதற்கு வடக்கே அதானி அல்லது டாடா. பாண்டுப், முலுண்ட், தாணே, நவி மும்பையில் மாநில அரசின் மஹாவிதரண். மீட்டர் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும். குடிபோகும் நாளின் மீட்டர் அளவைப் படமெடுங்கள், கடைசி பில் கட்டியாகிவிட்டதா என்று பாருங்கள்.

குழாய் காஸ் மஹாநகர் காஸ் நிறுவனத்துடையது. அது இருக்கும் வீடாகக் கிடைத்தால் ஒரு கவலை விட்டது. இல்லாவிட்டால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மாற்றுச் சீட்டு எழுதி வாங்குங்கள். அதை இங்குள்ள ஏஜென்சியில் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும். சீட்டு வாங்காமல் வந்துவிட்டால், மறுபடி ஊருக்குப் போய் வரும்வரை இண்டக்ஷன் அடுப்புதான் கதி.

மார்க்கெட்டும் மொழியும்

இந்தி தெரியும் என்று வருபவர்களும் காய்கறிக் கடையில் திணறுவது எண்களில்தான். தமிழில் இருபத்தைந்து, முப்பத்தைந்து என்று ஒரே அச்சில் வருவது இந்தியில் வராது: 25 பச்சீஸ், 35 பைந்தீஸ், 45 பைந்தாலீஸ், 55 பச்பன், 65 பைன்சட். ‘உன்’ என்று ஆரம்பித்தால் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு: உன்தீஸ் 29, உன்சட் 59, உன்யாசி 79. டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை. எனவே ‘டேட் சௌ’ 150, ‘டாயி சௌ’ 250. இந்த ஒரு பத்தியை மனப்பாடம் செய்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது ‘பாவ்’. கால் கிலோ என்று பொருள். பீன்ஸ் விலை கேட்டால் கடைக்காரர் ‘தீஸ்’ என்பார். முப்பது ரூபாய்க்கு ஒரு கிலோவா, மலிவாக இருக்கிறதே என்று இரண்டு கிலோ போடச் சொல்லாதீர்கள். அவர் சொன்னது பாவ் கிலோ விலை, கிலோ 120. பாதி கிலோவுக்கு ‘ஆதா’. கறிவேப்பிலைக்குக் கடிபத்தா, கொத்தமல்லிக்குக் கோதிம்பீர், முருங்கைக்காய்க்குச் சேவ்கா, சுரைக்காய்க்குத் தூதி, சேனைக்குச் சூரண், புடலைக்குப் பட்வல், கொத்தவரைக்குக் கவார், புளிச்சகீரைக்கு அம்பாடி. புழுங்கலரிசிக்கு ‘உக்டா’ என்று கேட்க வேண்டும். வாழைப்பூ, வாழை இலை, வேப்பம்பூ, மாவிலை எல்லாம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும். தாராவி 90 அடிச் சாலையிலும் நம்மூர்ச் சாமான் கடைகள் உண்டு.

இந்தி போதும், மராத்தி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வேலை நடக்க இந்தி போதும். ஆனால் இது மராத்தியர்களின் ஊர். சென்னையில் குடியேறியவர் நாலு வார்த்தை தமிழ் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும். வார்டு அலுவலகத்திலும் போலீஸ் நிலையத்திலும் படிவங்கள் மராத்தியில் இருக்கும். முதல் வாக்கியத்தை மராத்தியில் தொடங்குகிறவருக்குக் கிடைக்கும் உதவி வேறு. ‘மலா மராத்தி நீட் யேத் நாஹி, ஹளு போலா’: எனக்கு மராத்தி சரியாக வராது, மெதுவாகப் பேசுங்கள். ‘கிதி?’ எவ்வளவு. ‘நகோ’ வேண்டாம். ‘குடே?’ எங்கே. தேவநாகரி படிக்கத் தெரிந்துவிட்டால் மராத்தியும் இந்தியும் ஒரே எழுத்துதான்.

விளிக்கும் முறை முக்கியம். வயதான ஆட்டோக்காரரைக் காகா என்றும், நடுவயதுக்காரரைத் தாதா என்றும் கூப்பிடுங்கள். மீன் விற்கும் கோலிப் பெண்களையும் வீட்டு வேலைக்கு வருபவரையும் மாவ்ஷி, அதாவது சின்னம்மா. உங்கள் வயதுப் பெண்களைத் தாயி, அக்கா என்று பொருள். உங்களை எல்லோரும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள், தென்னிந்தியர் அத்தனை பேருக்கும் இங்கே அதுதான் பெயர்.

பள்ளிக்கூடம், சான்றிதழ்

2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மஹாராஷ்டிராவில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும் பத்தாம் வகுப்புவரை மராத்தி உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்குக் கவலையில்லை. ஏழாம் எட்டாம் வகுப்பில் வரும் பிள்ளைக்கு அது சுமை. வெளிமாநிலப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கும் முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்; கோடை விடுமுறையிலேயே எழுத்துகளைப் பழக்கிவிடுங்கள். மாற்றுச் சான்றிதழில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பத்தையும் வாங்கி வாருங்கள். மாநிலம் மாறும்போது அதைக் கேட்பது வழக்கம்.

பத்தாவது முடித்து வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு புதுமை: மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு இங்கே பள்ளியில் இல்லை, ஜூனியர் காலேஜில். சேர்க்கை இணையம் வழியாக, மதிப்பெண் வரிசைப்படி. தேதியைத் தவறவிட்டால் நல்ல கல்லூரி கிடைக்காது. மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டுக்குப் பொது விதிப்படி பத்தாவதும் பன்னிரண்டாவதும் மஹாராஷ்டிராவில் முடித்திருக்க வேண்டும். பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற குடும்பம் எந்த வருடம் குடிபெயர்வது என்பதை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் மாட்டுங்காவில் தொடங்கியது. வடாலாவின் தென்னிந்திய நலச் சங்கமும் பள்ளிகள் நடத்துகிறது.

சாதிச் சான்றிதழ் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழுக்கு மஹாராஷ்டிரா அரசின் வேலையிலும் கல்வியிலும் இடஒதுக்கீடு கிடைக்காது. குடிபெயர்ந்தவருக்குச் சொந்த மாநிலத்துப் பட்டியல்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. மத்திய அரசு வேலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அது செல்லும். எனவே மூலச் சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வாருங்கள்.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. நம்மூர் எண் கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மஹாராஷ்டிரா எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று தேவை. கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும். ஊரில் இருக்கும்போதே வாங்கிவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

மழை

வழக்கமாக ஜூன் 11 வாக்கில் பருவமழை தொடங்கும். நம்மூர் ஐப்பசி மழை போல நாலு நாள் அடித்து ஓய்வதில்லை, செப்டம்பர்வரை நீளும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. மழையின் அளவு மட்டும் போதாது, கடல் ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். கனமழையும் நாலரை மீட்டருக்கு மேலான ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மழைநீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தேங்கும். ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், சயான், மிலன் சுரங்கப்பாதை, அந்தேரி சுரங்கப்பாதை ஆகியவை முதலில் நிரம்பும். அத்தகைய நாளில் மதியத்துக்குள் வீடு திரும்புங்கள், அல்லது ஆபீசிலேயே இருந்துவிடுங்கள். நடுவழியில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. மாநகராட்சியின் உதவி எண் 1916.

தேங்கிய நீரில் நடந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்க மாத்திரை தருவார். காலில் சிறு வெட்டு இருந்தால் இதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. தோல் செருப்பு, பருத்திச் சட்டை எல்லாவற்றையும் மே கடைசியில் உள்ளே வைத்துவிட்டு, ரப்பர் செருப்பும் சீக்கிரம் உலரும் துணியும் எடுங்கள்.

அக்கம்பக்கம்

சயானில் மும்பைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. சண்முகானந்தா அரங்கமும் சயான் பக்கம்தான். செடா நகரில் முருகன் கோயில். ஊர் நினைவு வரும்போது போய் உட்கார இடங்கள் உண்டு. ஆனால் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டப் போவது எதிர்வீட்டுக் குஜராத்தியோ மேல்மாடி மராத்தியரோதான். அவர்களோடு பழகத் தோதான நாட்கள் திருவிழா நாட்கள்.

விநாயகர் சதுர்த்திக்கு முன் கட்டடத்துப் பிள்ளைகள் ‘வர்கணி’, அதாவது நன்கொடை, கேட்டு வருவார்கள். முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், மாலை ஆரத்திக்கும் போய் நில்லுங்கள். பிள்ளையாரைக் கரைப்பது ஒன்றரை நாள், ஐந்து நாள், ஏழு நாள், கடைசியில் அனந்த சதுர்த்தசி என்று நடக்கும். அந்த மாலைகளில் சாலைகள் அடைபடும், ஊர் ரயிலுக்கு டிக்கெட் இருந்தால் மதியமே கிளம்புங்கள்.

நமக்குப் பொங்கல் வரும் நாட்களில்தான் அவர்களுக்குச் சங்கராந்தி. அன்று கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நல்ல நாளில் கறுப்பா என்று முகம் மாறாதீர்கள், அவர்களுக்கு அன்று அதுதான் வழக்கம். எள்ளுருண்டையைக் கையில் வைத்து ‘தில்குள் க்யா, கோட் கோட் போலா’ என்பார்கள்: எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிமையாகப் பேசு. அதன் பிறகு சில வாரங்கள் வீட்டுக்கு வீடு மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒரு சிறு பாத்திரமோ டப்பாவோ கையில் தருவார்கள், மறுக்கக் கூடாது. நம் பக்கத்திலிருந்து கொலுவுக்கு அவர்களைக் கூப்பிடலாம். எள்ளுருண்டை வந்த கிண்ணத்தை வெறுமனே கொடுக்காமல், அன்று அடுப்பிலிருந்து இறக்கிய சர்க்கரைப் பொங்கலை வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.